மலை நிலம்: விற்கிறவருக்கு விற்கும் உரிமை உண்டா?

கள்ளக்குறிச்சிப் பக்கம் கையில் இருபது முப்பது லட்சம் சேர்ந்தவரைத் தேடி இரண்டு விதமான தரகர்கள் வருகிறார்கள். ஒருவர் மரக்காணத்துக்கும் கடலூருக்கும் நடுவே கடல் பார்த்த மனை என்று செல்போனில் படம் காட்டுவார். இன்னொருவர் கல்வராயன் மலையில் பண்ணை வீட்டுக்கு இடம் இருக்கிறது என்பார். ஏற்காட்டில் சென்ட் கணக்கில் சொல்கிற விலைக்கு இங்கே ஏக்கரே முடித்துத் தருகிறேன் என்பார். கடலோ மலையோ, கதை ஒன்றுதான்: இப்போது ஒன்றும் இல்லை, பத்து வருஷத்தில் விடுதிகளாக நிற்கும், முந்திக்கொண்டவருக்கு லாபம்.

கதையே பொய் என்று சொல்ல வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு சென்னைக்குத் தெற்கே சவுக்குத் தோப்பு வாங்கிப் போட்டிருந்தவர்கள் நன்றாகவே பலன் கண்டார்கள். அதே சாலையில் கட்டிய வீட்டுக்கு அனுமதி வாங்க முடியாமல் அலைந்தவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்தது அதிர்ஷ்டம் மட்டுமல்ல. கடற்கரையில் சட்டம் போட்ட கோடு வரைபடத்தில் இருக்கிறது. கல்வராயனில் அது வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கிறது. நிலத்தைப் பார்க்கப் போகுமுன் அந்தக் கோட்டைப் பார்த்துவிடுவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

கடற்கரையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991-இல் வந்தன, 2011-இல் மாறின, 2019 ஜனவரியில் மறுபடி மாறின. இப்போதைய விதிப்படி, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடம் எழுப்பக் கூடாது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசித்த இடங்களில் மட்டும் அது 50 மீட்டர். அந்தச் சலுகைக்கும் மாநிலத்தின் கடலோர மண்டல மேலாண்மை வரைபடம் புதிய விதிப்படி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். ‘பீச் டச்’ என்று விளம்பரத்தில் போடும் மனைகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டைக்குள்தான் வரும். அங்கே நிலம் உங்கள் பெயரில் பதிவாகும், வரியும் கட்டலாம், வீடு மட்டும் கட்ட முடியாது. கொச்சி அருகே மரடில் நான்கு அடுக்குமாடி வளாகங்களை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அந்த வீடுகளை வாங்கியவர்களும் பத்திரம் வைத்திருந்தார்கள், வீட்டு வரி கட்டியிருந்தார்கள். கட்டட அனுமதி கொடுத்த உள்ளாட்சி அமைப்பும் இருந்தது. விதி மீறல் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்த பிறகு எதுவும் காப்பாற்றவில்லை.

இனி மலைக்கு வருவோம்.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் கல்வராயன் மலை பற்றிய பேச்சு கூடிவிட்டது. கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது, மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு மலைக்கென்று தனி தாலுகாவும் வந்துவிட்டது. மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் வருகிற கூட்டம், கரியாலூர் படகுக் குழாம், கோடை விழா என்று காட்டுவதற்குத் தரகரிடம் படங்களுக்குக் குறைவில்லை. கேட்கிறவருக்கு அடுத்த ஏற்காடு இதுதான் என்று தோன்றும்.

படத்தில் விழாத சங்கதி ஒன்று உண்டு. இந்த மலை மூன்று ஜாகிர்களாக இருந்தது: சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஜாகிர்கள். நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் இங்கே குடிகள் ஜாகிர்தாரருக்குத்தான் வரி கட்டினார்கள், அவருக்குத்தான் உழைத்தார்கள். 1976 ஜூனில்தான் அரசு மலையை நேரடியாகத் தன் கைக்கு எடுத்தது. கீழே கள்ளக்குறிச்சியிலோ சங்கராபுரத்திலோ ஒரு நிலத்துக்கு மூன்று தலைமுறைத் தாய்ப்பத்திரம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மேலே அப்படி ஒரு சங்கிலியே பல இடங்களில் கிடையாது. பாட்டன் காலத்திலிருந்து உழுகிற நிலத்துக்கு இன்னும் பட்டா வராத மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்கள் உழுவது உண்மை, நிலம் அவர்களுடையது என்பதும் நியாயம். ஆனால் அதை உங்களுக்கு விற்க முடியுமா என்பது வேறு கேள்வி.

மலையில் உங்களுக்குக் காட்டப்படும் நிலம் பெரும்பாலும் பின்வரும் வகைகளில் ஒன்றாகத்தான் இருக்கும். காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட நிலமானால் பேச்சே இல்லை. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கை வந்திருந்தால் அது காடு. 4-ஆம் பிரிவு அறிவிக்கையோடு நின்றுபோனவையும் உண்டு. அவற்றைக் காட்டி ‘இன்னும் காடு ஆகலை சார்’ என்பார்கள். காடாக்கும் நடவடிக்கை தொடங்கிவிட்ட நிலம் என்பதுதான் அதற்கு அர்த்தம், தொடாதீர்கள்.

அடுத்தது வன உரிமைச் சட்டப்படி கொடுத்த உரிமைப் பத்திரம். அரசு முத்திரையோடு, கணவன் மனைவி இருவர் பெயரும் போட்டு அழகாக இருக்கும். ‘கவர்மென்டே கொடுத்த பட்டா’ என்று நீட்டினால் மயங்கிவிடுவோம். 2006-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், இந்த உரிமை வாரிசுகளுக்குப் போகுமே தவிர வேறு யாருக்கும் மாற்றவோ கைமாற்றவோ முடியாது என்று 4-ஆம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. கிரயம் செல்லாது, பவர் பத்திரமும் செல்லாது.

மூன்றாவது, அரசு ஒப்படை செய்த நிலம். இதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இதற்குப் பட்டா இருக்கிறது, ஆன்லைனிலும் வருகிறது. ஆனால் ஒப்படை ஆணையில் நிபந்தனை இருக்கும். பழங்குடியினருக்கு ஒப்படைத்த நிலத்தைப் பழங்குடியல்லாதவருக்கு மாற்ற வருவாய் நிலை ஆணைகள் தடை போடுகின்றன. நிபந்தனையை மீறினால் ஒப்படையை ரத்து செய்து நிலத்தை அரசு திரும்ப எடுக்கலாம். அப்போது உங்கள் பணமும் போகும், அந்தக் குடும்பத்தின் நிலமும் போகும். தமிழ்நாட்டில் அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை என்பது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு ‘இங்கே அந்தச் சட்டமெல்லாம் கிடையாது, யாரும் வாங்கலாம்’ என்று வாதாடும் தரகர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மை முழுப் பொய்யைவிட அதிகச் செலவு வைக்கும்.

மிச்சம் இருப்பது முழு உரிமையுள்ள ரயத்துவாரிப் பட்டா நிலம். அது மேலே குறைவு. அதையும் பழங்குடிக் குடும்பம் விற்கிறதென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பதில் வந்த பிறகே முன்பணம் கொடுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தது. முன்புபோல் யாரும் பார்க்காத மலை அல்ல இது. அவசரமாக முடிக்கிற கிரயம் நாளைக்கு ஒரு அதிகாரியின் மேஜையில் கோப்பாக வந்து நிற்கும்.

சரி, பதிவேட்டை எப்படிப் பார்ப்பது? வரிசை முக்கியம். தரகர் காட்டும் ஜெராக்ஸிலிருந்து சர்வே எண்ணையும் உட்பிரிவையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை மறந்துவிடுங்கள். அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் அந்த எண்ணுக்குப் பட்டா, அ-பதிவேடு இரண்டையும் இறக்குங்கள். பட்டாவில் பெயரும் பரப்பும் தெரியும். நிலத்தின் குணம் அ-பதிவேட்டில்தான் தெரியும். ரயத்துவாரியா, சர்க்காரா, நஞ்சையா, புஞ்சையா, தரிசா, புறம்போக்கா என்று அங்கே இருக்கும். கடைசிப் பத்தியில் உள்ள குறிப்பை ஒருவரும் படிப்பதில்லை. ‘ஒப்படை’ என்றோ ‘நிபந்தனை’ என்றோ ‘வனம்’ என்றோ ஒரு சொல் அங்கே இருந்தால் அத்தோடு வேலை முடிந்தது. டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். குறிப்பு காலியாக இருந்தாலும் நிம்மதி வேண்டாம். வெள்ளிமலை தாலுகா அலுவலகத்தில் மூல ஒப்படைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

பரப்பில் இன்னொரு வம்பு. இந்தப் பக்கம் பெரியவர்கள் காணிக் கணக்கில் பேசுவார்கள், தரகர் ஏக்கரில் பேசுவார், பட்டா ஹெக்டேர்–ஏரில் இருக்கும். ஒரு காணி என்றால் ஒரு ஏக்கர் 32 சென்ட்; பட்டாவில் அது 0.53.50 போல வரும். ஒரு ஏர் ஏறத்தாழ இரண்டரை சென்ட். ‘ரெண்டு காணி’ என்று கைகாட்டிய நிலம் பட்டாவில் 0.80.00 என்று இருந்தால் அது இரண்டு ஏக்கரைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மிச்சம் அறுபது சென்டுக்கு மேல் பக்கத்துப் புறம்போக்காகவோ காடாகவோ இருக்கும். மலைச்சரிவில் எல்லைக்கல் கண்ணுக்குத் தெரியாது, வேலியும் இருக்காது. புலப்படத்தோடு தாலுகா சர்வேயரை வரவழைத்து அளந்து கல் நட்ட பிறகுதான் விலை பேச வேண்டும். அளக்கிற நாளில் பக்கத்து நிலத்துக்காரரும் இருக்கட்டும். வனத்தை ஒட்டிய நிலமானால் வனத்துறையிடமிருந்து எல்லை பற்றிக் கடிதம் வாங்குங்கள்.

இந்த இடத்தில் பேச்சு இப்படித்தான் போகும்.

“அண்ணே, சர்வேயரு வர்றதுக்கு மாசம் ஆயிடும். நாளைக்கு ஆத்தூர்க்காரரு ஒருத்தரு அட்வான்ஸோட வர்றாரு. இன்னிக்கு ஒரு ரெண்டு ரூபா போட்டுட்டுப் போங்க, நான் நிறுத்தி வச்சிடறேன்.”

“நிலத்துக்காரரு எங்க?”

“அவரு மலையில இருக்காருண்ணே. பவரு எங்கிட்ட இருக்குது.”

ரெண்டு ரூபா என்றால் இரண்டு லட்சம். பவர் தரகரிடம் இருக்கிறது என்றதும் எழுந்துவிடலாம். பொது அதிகாரப் பத்திரத்தை வைத்துச் செய்யும் விற்பனை உரிமையை மாற்றாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உயிரோடிருக்கும் உரிமையாளர் கொடுத்த, பதிவான பவரை வைத்து முறையான கிரயப் பத்திரம் எழுதலாம் என்பது வேறு. அப்போதும் உரிமையாளரை நேரில் பார்த்து, அவருக்கு என்ன விலை சொல்லப்பட்டது என்று கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் தொகைக்கும் அவர் வாங்கும் தொகைக்கும் உள்ள தூரத்தைக் கேட்டாலே பாதிக் கிரயம் நின்றுவிடும்.

வில்லங்கச் சான்று எடுக்கும்போது முப்பது வருஷத்துக்காவது எடுங்கள். பதிவுத்துறை தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதே தளத்தில் வழிகாட்டி மதிப்பையும் பாருங்கள். அந்த சர்வே எண்ணுக்கு மதிப்பு பூஜ்யம் என்று காட்டினால், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி தடுத்து வைக்கப்பட்ட எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். வில்லங்கம் சுத்தமாக இருப்பது நல்லதுதான், ஆனால் பத்திரப் பதிவே நடக்காத மலை நிலத்தில் வில்லங்கம் சுத்தமாகத்தான் இருக்கும். அதை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது.

நிலம் எல்லா விதத்திலும் சரி என்று வைத்துக்கொள்வோம். விடுதி கட்ட முடியுமா? மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அந்த வருவாய்க் கிராமம் இருக்கிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இருந்தால் ஒவ்வொரு அனுமதியும் பல துறைகளைச் சுற்றி வரும். மரம் வெட்ட, சரிவை வெட்டிச் சமன் செய்ய, பாதை போட, எல்லாவற்றுக்கும் கை நீட்டிக் கேட்க வேண்டும். பாதை காப்புக்காடு வழியாகப் போகிறது என்றால் அதை அகலப்படுத்த 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். ‘ரோடு சாங்ஷன் ஆயிடுச்சு’ என்ற சொல்லை நம்பி விலை கொடுக்காதீர்கள். சின்னசேலம்–கள்ளக்குறிச்சி ரயில் பாதை பதினாறு கிலோமீட்டர்தான், சமதளம்தான், அதற்கே எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறோம் என்று இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீலகிரியில் சீகூர்ப் பகுதியில் நடந்ததையும் மறக்க வேண்டாம். யானை வழித்தடம் என்று 2010-இல் அறிவிக்கப்பட்ட இடத்தில் இருந்த விடுதிகளுக்கு 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் சீல் விழுந்தது. 2020 அக்டோபரில் அந்த அறிவிப்பையே நீதிமன்றம் உறுதி செய்தது. பட்டா நிலத்தில் கட்டியவர்களும் அதில் இருந்தார்கள்.

ஆக, மலையைச் சுற்றிப் பணம் போட வேண்டும் என்றால் மலையடிவாரத்தில் போடுங்கள் என்பதே என் கருத்து. கச்சிராயப்பாளையம், வடக்கனந்தல், கோமுகி அணைச் சுற்றுவட்டாரம், சங்கராபுரம் பக்கத்துக் கிராமங்கள், இங்கெல்லாம் நிலத்துக்குப் பத்திரச் சங்கிலி இருக்கிறது, வங்கி மதிக்கிறது, விற்க வேண்டி வந்தால் வாங்கவும் உள்ளூரிலேயே ஆள் இருக்கிறது. மலைக்குப் போகிறவன் எப்படியும் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். சாப்பாடு, பெட்ரோல், இரவுத் தங்கல், வண்டி நிறுத்தம் எல்லாவற்றுக்கும் அடிவாரம்தான் வசதி. மேலே விடுதி வராமலே போனாலும் கரும்பு, மரவள்ளி, மஞ்சள் என்று நிலம் ஏதாவது சம்பாதித்துக்கொண்டிருக்கும்.

அடிவார நிலத்தில் பார்க்க வேண்டியது வேறு. கரும்பு நிற்கிற நிலமானால் அது கச்சிராயப்பாளையத்தில் உள்ள கூட்டுறவு ஆலைக்குப் பதிவான கரும்பா, அதன் மேல் பயிர்க்கடன் நிற்கிறதா, உழுகிறவர் உரிமையாளரா குத்தகைக்காரரா என்று கேளுங்கள். பதிவான குத்தகைதாரரை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது; கிரயம் முடித்துவிட்டு அவரைக் கிளம்பச் சொல்ல முடியாது. ஆற்றை ஒட்டிய நிலத்தில் கரை எங்கே முடிகிறது என்பதைப் புலப்படத்தில் பாருங்கள், கோடையில் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். ஓடைப் புறம்போக்கை வளைத்துத் தென்னை வைத்து ‘நம்ம நிலம்தான்’ என்பது இங்கே சாதாரணம். கிணற்றில் பங்கு உண்டா, வண்டிப்பாதை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்பதும் அப்படியே. வாய்வார்த்தைப் பாதை அண்ணன் தம்பிச் சண்டை வருகிற வரைக்கும்தான் நிற்கும்.

விவசாய நிலத்தில் விடுதி கட்டுவதற்கு நிலப் பயன்பாட்டு மாற்றம் வாங்க வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இதற்கென்று 2017 விதிகள் இருக்கின்றன. மனைப்பிரிவில் வாங்குவதானால் நகர் ஊரமைப்பு அங்கீகார எண்ணைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அங்கீகாரமில்லாத புதுமனையைப் பதிவு செய்வதற்குத் தடை இருக்கிறது. மொத்த நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, எட்டு மனைக்கு மேல் போனாலோ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் ‘பண்ணை மனை’ என்று ஒரு வகையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்: கால் ஏக்கர், அரை ஏக்கராக விவசாய நிலத்தையே விற்பது, நடுவில் தார்ச்சாலை, ஓரத்தில் மா, தேக்கு, வாசலில் ஆர்ச். பத்திரத்தில் அது புஞ்சை நிலம்தான். அங்கே வீட்டுக்கு அனுமதி கேட்கப் போகும்போதுதான் கணக்கு தெரியும்.

பராமரிப்பை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், வருஷம் இவ்வளவு சதவீதம் தருகிறோம் என்று சேர்த்துச் சொன்னால் உஷாராகிவிடுங்கள். தேக்கு மரம் வளர்த்துத் தருவதாக ஊரெல்லாம் பணம் வாங்கிய அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998-இல் சரிந்தது. அந்த மாதிரித் திட்டங்களுக்காகவே செபி 1999-இல் கூட்டு முதலீட்டு விதிகளைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் விவசாய நிலம் தருகிறோம் என்று பி.ஏ.சி.எல். நிறுவனம் நாடு முழுக்க ஐந்து கோடிக்கு மேற்பட்டவர்களிடம் 49,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. 2014-இல் செபி திருப்பிக் கொடுக்கச் சொன்னது. பணத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் நம் ஊர்ப் பக்கங்களிலும் இருக்கிறார்கள்.

வருமானக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் விடுதி ஆசையில் இறங்காதீர்கள். ஒரு உதாரணத்துக்கு, அடிவாரத்தில் நிலமும் கட்டடமும் சேர்த்து அறுபது லட்சம், நான்கு அறைகள், அறை வாடகை இரண்டாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சனி, ஞாயிறுதான். அதிலும் பரீட்சை மாதம், அடைமழை, கடும் வெயில் போக வருஷத்தில் அறுபது இரவு நான்கு அறையும் நிறைந்தால் நல்ல வியாபாரம். 4,80,000 ரூபாய் வரும். காவலாளி சம்பளம் மாதம் பன்னிரண்டாயிரம் என்றால் 1,44,000 போகும். கரண்ட், சலவை, பழுது, தரகு என்று இன்னொரு லட்சம். மிச்சம் 2,36,000. அறுபது லட்சத்துக்கு நான்கு சதவீதம்கூட இல்லை. இதே பணம் தபால் ஆபீஸில் கிடந்தால் அதைவிட அதிகம் தரும், ராத்திரியில் போன் பண்ணித் தண்ணி வரவில்லை என்றும் சொல்லாது. நிலத்தின் மதிப்பு ஏறும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் மீதி லாபம். அது ஏற வேண்டுமானால் சுத்தமான பத்திரம் வேண்டும்.

செலவில் பதிவுக் கட்டணத்தைச் சேர்க்க மறக்காதீர்கள்: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இருபது லட்சம் மதிப்புக்கு 1,80,000 ரூபாய். பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குகிற விற்பனையாளருக்கு அதே தொகை அபராதமாக விழலாம் என்பதை அவருக்கே எடுத்துச் சொன்னால் கறுப்பு வெள்ளைப் பேச்சு சீக்கிரம் முடியும். உச்சவரம்புச் சட்டப்படி ஐந்து பேருக்குள் உள்ள குடும்பத்துக்குப் பதினைந்து தர ஏக்கர்தான் வரம்பு. ஏற்கெனவே நிலம் வைத்திருக்கிறவர்கள் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் அவர்கள் பெயருக்கே வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் இங்கே வீடு, வீட்டுமனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பண்ணை மனை விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை, பிள்ளைக்கும் தெரிவதில்லை. அப்பா பெயரில் வாங்குவதாயிருந்தால், கூடப் பிறந்தவர்கள் நாளைக்குப் பங்கு கேட்பார்கள் என்பதை இன்றைக்கே குடும்பத்தில் உட்கார்ந்து பேசி, உயிலோ ஏற்பாடோ எழுதி வையுங்கள்.

பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலை விட்டுவிடாதீர்கள். முழு சர்வே எண்ணும் வாங்கியிருந்தால் தானாக மாறிவிடும். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்குக் கட்டணம் பதிவின்போதே கட்டியிருப்பீர்கள், ரசீதை வைத்திருங்கள். மாறிய பட்டாவை இறக்கி, பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா, பழைய உரிமையாளர் பெயர் கூட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். நான்கு வருஷம் கழித்து விற்கும்போது அதைத் திருத்தப் போனால், அந்தப் பழைய உரிமையாளரின் வாரிசுகள் ஏழெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்.